சோழிக் கணக்கு முதல் சனிக்கிழமை வகுப்பு வரை

உயர்நிலைப் பள்ளியில் வானவியல் வகுப்பு என்றால் என்ன எதிர்பார்க்கலாம்? நம் பிள்ளைகளுக்கு இது தனிப் பாடமாக இல்லை. அறிவியல் புத்தகத்தில் ஓர் அத்தியாயம், பூகோளத்தில் இன்னொன்று, ஆளுக்கு ஐந்து மதிப்பெண். அதற்கு மேல் எதுவும் கிடையாது. ஆனால் இருநூறு வருஷங்களுக்கு முன்பு, இதே தமிழ் பேசும் மண்ணில் இந்தப் பாடத்துக்காகப் பெரிய போட்டியே நடந்திருக்கிறது. யார் கணக்கு சரி, யார் கணக்கு தப்பு என்று ஊரே கூடி ஆகாயத்தைப் பார்த்த காலம் அது. அந்தச் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டால், இன்றைய வகுப்பில் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தானாகவே விளங்கும்.

இதை எழுதத் தூண்டியவர் எங்கள் தெருக்காரர் ஒருவர். சொந்தமாகச் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ஒரு நாள் வாசலில் நிறுத்திக் கேட்டார்.

"ஏனுங்க அய்யா, பள்ளிக்கூடத்துல சனிக்கிழமை சாயங்காலம் வானவியல் வகுப்புன்னு ஆரம்பிக்கறாங்களாமா. பாப்பா சேரோணும்னு ஒத்தக்கால்ல நிக்குது. நீட் பரீட்சையில இதுல இருந்து கேள்வி வருமுங்களா?"

"வராதுங்க தம்பி."

"அப்புறம் எதுக்குங்க? அதே நேரத்துக்கு டியூசன் இருக்குதுங்களே."

நியாயமான கேள்வி. ஒரு தகப்பனாருக்குப் பிள்ளையின் சனிக்கிழமை சாயங்காலம் என்பது சின்ன விஷயமல்ல. வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்கக் கூடியதாகவும் இது இல்லை.

முதலில் என் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். எங்களுக்கு 'கொஸ்மோகிராஃபி' என்று ஒன்று கணக்கோடு சேர்த்துச் சொல்லித் தருவார்கள். பூமி, சந்திரன், சூரியன், அவற்றின் ஓட்டம், நாள், மாதம், வருஷம் எல்லாம் அதில் அடக்கம். தொலைநோக்கியை நாங்கள் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. பள்ளிக் கொடிக்கம்பத்தின் நிழலை நடுப்பகலில் சாக்பீஸால் தரையில் குறிப்போம், அவ்வளவுதான். பிறகு அரசாங்க எழுத்தர் உத்தியோகம், மாற்றல், கோயம்புத்தூர், ஓய்வு. அந்தப் பிரெஞ்சு மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது. அதனால்தான் லெ ஜென்தீ என்கிற பிரெஞ்சுக்காரர் எழுதிவைத்த பயணநூலைப் படிக்க முடிந்தது.

கியோம் லெ ஜென்தீ பாரிஸ் அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கிரகம் ஒரு சிறு புள்ளியாகக் கடந்துபோவதை அளந்தால், சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். 1761 ஜூன் 6 அன்று அது நிகழவிருந்தது. அதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்க 1760 மார்ச்சில் கப்பலேறினார். அவர் வந்து சேருவதற்குள் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பியது. அந்த நாளன்று அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடுகிற கப்பலில் இருந்து எதை அளப்பது?

அடுத்தது எட்டு வருஷம் கழித்து, 1769 ஜூனில். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் கிடையாது. மனிதர் ஊர் திரும்பாமல் இந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டார். 1768இல் புதுச்சேரி வந்து, இடிந்து கிடந்த கோட்டைப் பகுதியில் ஓர் ஆய்விடம் அமைத்துக்கொண்டார். சென்னையில் இருந்த ஆங்கிலேயர்கள் பகையை மறந்து ஒரு நல்ல தொலைநோக்கியைக் கொடுத்து உதவினார்கள். முந்தின இரவு வானம் பளிங்கு மாதிரி இருந்தது. ஜூன் 4 விடியற்காலையில் மேகம் மூடியது. வெள்ளி கடந்து முடிந்த பிறகுதான் சூரியன் வெளியே வந்தது. 1771இல் பிரான்ஸ் திரும்பினால், செத்துப்போனார் என்று முடிவுகட்டிச் சொந்தக்காரர்கள் சொத்தைப் பிரிக்கக் கிளம்பியிருந்தார்கள். கழகத்தில் அவர் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது.

இந்தச் சோகக் கதை பலருக்கும் தெரிந்திருக்கலாம். அவர் புதுச்சேரியில் கற்றுக்கொண்ட ஒரு விஷயம்தான் நமக்கு முக்கியம். தமிழ்க் கணிதர்கள் கிரகணம் கணக்கிடுவதை அவர் பக்கத்திலிருந்து பார்த்தார். தாள் இல்லை, பேனா இல்லை. தரையில் சோழிகளை வரிசையாக வைத்து, வாயால் வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே கணக்கைப் போட்டு முடித்துவிடுவார்கள். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைத் தமிழ்க் கணக்கோடு ஒப்பிட்டார். பிசகு 41 விநாடி மட்டுமே. அன்றைக்கு ஐரோப்பாவில் மிகச் சிறந்தது என்று பெயரெடுத்த தோபியாஸ் மாயரின் அட்டவணை 68 விநாடி பிசகியிருந்தது. நம்மூர்ச் சோழி ஜெயித்துவிட்டது!

இங்கேயே நிறுத்திவிட்டால் மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் சரித்திரம் இங்கே நிற்கவில்லை.

அறுபது வருஷம் கழித்து ஜான் வாரன் என்பவர் வருகிறார். பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலேயப் படையில் சேர்ந்தவர். சென்னை வானாய்வகத்தைச் சில வருஷம் கவனித்துக்கொண்டவர். நம் பஞ்சாங்க முறைகளைப் பற்றி 'கால சங்கலித' என்று 1825இல் பெரிய நூல் ஒன்று வெளியிட்டார். அவரும் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரை உட்காரவைத்து, அந்த வருஷம் மே 31 இரவு வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிடச் சொன்னார். அதே சோழி, அதே வாக்கியம். இந்தத் தடவை ஆரம்பத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிசகு. அந்தக் கணிதருக்கு ஞாபக சக்தி அபாரம், ஆனால் தான் போடுகிற கணக்கின் தத்துவம் ஒன்றும் தெரியாது என்று வாரன் குறிப்பிடுகிறார்.

அந்த வாக்கிய முறை என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகே வரும்போது வேகம் கூடும், விலகும்போது குறையும். இந்த ஏற்ற இறக்கம் சுமார் 27.55 நாளுக்கு ஒரு முறை திரும்பி வரும். அதை ஒன்பதால் பெருக்குங்கள், 248 நாள் வரும். ஆகவே 248 நாளுக்கும் சந்திரன் இருக்கும் இடத்தை 248 வாக்கியங்களாகக் கட்டிவிட்டால், பிறகு திரும்பத் திரும்ப அதையே பயன்படுத்தலாம். எண்களை எழுத்துகளாக மாற்றி, மனப்பாடம் செய்யத் தோதாக வைத்தார்கள். மிச்சம் விழும் சின்னப் பிசகைச் சரிக்கட்ட 3031 நாள், 12372 நாள் என்று இன்னும் பெரிய சுற்றுகள். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் இதனால்தான் வந்தது. இதே 248 நாள் சுற்று பழைய பாபிலோனியக் களிமண் ஓடுகளிலும் இருப்பதை ஓட்டோ நொய்கெபாவர் என்ற அறிஞர் எடுத்துக்காட்டினார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு கணக்கு மரபு, 1825இல் புதுச்சேரித் திண்ணை ஒன்றில் உயிரோடு இருந்திருக்கிறது.

எவ்வளவு பெரிய புத்தி! ஆனால் ஏன் அப்படி என்கிற கேள்வி இடையில் எங்கோ தொலைந்துபோனது. கேள்வி தொலைந்தால், கணக்கு ஒரு தடவை 41 விநாடியில் பொருந்தும், இன்னொரு தடவை 52 நிமிடம் தள்ளிப்போகும். எப்போது பொருந்தும், எப்போது தள்ளும் என்று கணக்குப் போடுகிறவருக்கே தெரியாது.

அடுத்த காட்சி யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷனரிகள் 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணிதத்தோடு வானவியலும் முறையாகச் சொல்லித் தந்த பள்ளிகளில் அது முன்னோடி என்று சொல்லலாம். அவர்களுடைய நோக்கம் மதம் பரப்புவது. அதை மறைத்து எழுத வேண்டியதில்லை. பஞ்சாங்கத்தின் மேல் இருக்கும் நம்பிக்கை ஆடினால் மற்றதும் ஆடும் என்று நினைத்தார்கள். 1829இல் ஒரு சந்திர கிரகணம் வந்தது. அந்தப் பகுதியின் புகழ்பெற்ற பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியார் ஒரு கணக்குக் கொடுத்தார். செமினரித் தலைவர் டானியல் பூர் வேறு கணக்குக் கொடுத்தார். நேரத்திலும் மறைப்பின் அளவிலும் வித்தியாசம். ஆட்கள் கூடிக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். வானம் பூருடைய கணக்கின் பக்கம் நின்றது.

அதன் பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். அங்கே ஆசிரியராக இருந்த ஹொய்சிங்டன், நம் சோதிட கணிதத்தை ஒதுக்கித் தள்ளாமல், 'உள்ளமுடையான்' என்ற தமிழ் நூலை அடிப்படையாக வைத்து அதன் முறைகளை விளக்கி 1848இல் ஆங்கிலத்தில் புத்தகம் போட்டார். அந்தச் செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானார். வேறு நோக்கத்தோடு தொடங்கிய பள்ளியில் படித்தவர், பிற்காலத்தில் கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை ஏடு ஏடாக ஒப்பிட்டு அச்சேற்றினார். வகுப்பில் கற்ற ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் எங்கே போய்ப் பலன் தரும் என்று யாரால் சொல்ல முடியும்?

சென்னையிலும் இதே காலத்தில் ஒருவர் இருந்தார். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872இல் லண்டன் ராயல் வானவியல் சங்கத்தில் உறுப்பினரானார். அவர் பஞ்சாங்கத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பார்த்ததற்கு ஏற்பத் திருத்துங்கள் என்றார். தாமே திருத்திய பஞ்சாங்கம் போட்டும் காட்டினார்.

அந்தத் தகராறு இன்னும் தீரவில்லை என்பது காரைக்கால்காரனான எனக்கு நன்றாகத் தெரியும். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி. திருநள்ளாறு கோயிலோ வாக்கியப்படி நடப்பது, ஆகவே இங்கே 2026இல்தான் என்று அறிவித்தது. எந்த நாளில் தீர்த்தமாடுவது என்பது பக்தர்கள் விஷயம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் சனிக் கிரகம் அன்றிரவு வானத்தில் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்க முடியும். அதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையாலும் பார்த்துச் சொல்ல முடியும்.

இனி நம் கொங்கு நாட்டுக்கு வருவோம். 1871 டிசம்பர் 12 காலையில் முழுச் சூரிய கிரகணத்தின் பாதை நீலகிரி, கோயம்புத்தூர் ஜில்லா வழியாகப் போனது. சென்னை வானாய்வகத்தின் போக்சன் குழு அவிநாசியில் முகாம் போட்டது. பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சென் ஊட்டிக்கு அருகே சோலூரில் தங்கினார். சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டத்தில் சூரிய வெளிச்சமே பட்டுத் திரும்புகிறது என்பதற்கான அடையாளத்தை அவர் அங்கேதான் பார்த்தார். தேரோட்டத்துக்காக நாம் போகிற அவிநாசி, வானவியல் சரித்திரத்திலும் இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

148 வருஷம் கழித்து, 2019 டிசம்பர் 26 அன்று, கங்கண சூரிய கிரகணத்தின் பாதை மறுபடியும் ஊட்டி, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று வந்தது. அன்றைக்கு நான் காங்கேயம் பக்கம் ஒரு நண்பர் தோட்டத்தில் இருந்தேன். தெருவில் ஆளில்லை. நண்பரின் தாயார், எண்பது தாண்டியவர், தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்திவைத்தார். "உலக்கை நின்னா கிரகணம் புடிச்சிருக்குன்னு அர்த்தம்" என்றார். உலக்கையும் நின்றது. ஒன்பதரை மணிக்குச் சற்று முன் சூரியன் வளையலாக மாறியது. பாதுகாப்புக் கண்ணாடி வழியாக அந்த ஆத்தாவும் ஒரு கண் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, தங்கக் காப்பாட்டமல்ல இருக்குது!" என்றார்.

கதை இதோடு முடியவில்லை. மறுநாள் காலையில் அவருடைய பேத்தி அதே தாம்பாளம், அதே உலக்கையை எடுத்து வந்தாள். பொறுமையாக நிறுத்திப் பார்த்தாள். நின்றது. "ஆத்தா, இன்னைக்குக் கிரகணமே இல்லீங்களே!" என்றாள். ஆத்தா அசரவில்லை. "நின்னா நிக்கட்டும் கண்ணு. நேத்தும் நின்னுச்சல்லோ" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் அறிந்த வானவியல் வகுப்புகளில் சிறந்தது அதுதான். பாட்டியை எதிர்த்துப் பேசவில்லை, கேலி செய்யவில்லை. மறுநாளும் செய்து பார்த்தாள், அவ்வளவுதான். வாரன் சந்தித்த கணிதருக்கும் இந்தச் சிறுமிக்கும் உள்ள வித்தியாசம் அந்த மறுநாள் சோதனைதான்.

இதையெல்லாம் வைத்துப் பட்டறைக்காரத் தம்பிக்கு நான் சொன்னதை இங்கே தொகுத்துத் தருகிறேன். பேரப்பிள்ளைகள் உள்ளவர்களுக்கு உதவும்.

முதலாவது, வகுப்புக்குப் போனவுடன் தொலைநோக்கியில் வண்ணப்படங்கள் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நல்ல ஆசிரியராக இருந்தால் முதலில் ஒரு குச்சியைத்தான் நட்டுவைப்பார். நம் கடிகாரம் காட்டுவது 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். கோவை அதற்கு மேற்கே ஐந்தரைப் பாகை தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆகவே நமக்கு உச்சிவேளை சராசரியாக 12.22க்குத்தான். காரைக்காலும் கோவையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, 11 பாகை. ஆனால் அங்கே விடிந்து 11 நிமிடம் கழித்துத்தான் இங்கே விடியும். மாற்றலாகி வந்த எழுத்தனுக்கு அரசாங்கம் கொடுக்காத சலுகையைச் சூரியன் கொடுத்தது! ஏப்ரல் 18 வாக்கிலும் ஆகஸ்ட் 24 வாக்கிலும் உச்சியில் அந்தக் குச்சிக்கு நிழலே விழாது.

இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம் நிறையும். சந்திரன் தினமும் சராசரி 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். நட்சத்திரங்கள் தினமும் 4 நிமிடம் முன்னதாக உதிக்கும். நாலு நிமிடம் முப்பது நாளில் இரண்டு மணி நேரமாகும். கார்த்திகை மாதத்தில் பொழுது சாய்ந்ததும் கிழக்கே தெரியும் அந்த அறுமீன் கூட்டம் சித்திரையில் மேற்கே இறங்குவது இதனால்தான். இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு வரி. ஆறு மாதம் பார்த்து எழுதினால் ஆயுசுக்கும் மறக்காது.

மூன்றாவது, ஏமாற்றம் நிச்சயம். தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் நம் தலைமேல் வந்து நிற்கும். பதினோரு வருஷம் அலைந்த லெ ஜென்தீயையே மேகம் விடவில்லை. தை, மாசி மாதங்களே நமக்கு நல்லவை. தொலைநோக்கியில் சனி ஒரு சிறு மணி அளவுதான் தெரியும், வியாழனுக்குப் பக்கத்தில் நாலு புள்ளி தெரியும். செல்போனில் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு முதலில் சப்பென்று இருக்கும்.

நான்காவது, கணக்கு வரும். முக்கோணவியல் எதற்கு என்று கேட்கிற பிள்ளைக்கு, மரத்தின் உயரமும் சந்திரனின் தூரமும் ஒரே முக்கோணத்தில் கிடைப்பது புரியும்.

ஐந்தாவது, தமிழில் இதற்கு வார்த்தை இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உயர்நிலைப் பள்ளியில் தமிழில் பாடம் நடக்க வேண்டும் என்று கல்வி மந்திரியாகப் பாடுபட்ட அவிநாசிலிங்கம் நம்மூர்க்காரர். அவர் முயற்சியில் உருவாகி, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். கலைக்கதிர் இதழ் அறிவியலைத் தமிழில் கொடுத்ததும் கோவையிலிருந்துதான். பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை தமிழ் வழியில் படித்து, 2008இல் நிலவுக்குப் போன சந்திரயான் திட்டத்தின் இயக்குநரானார். சனிக்கிழமை வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் அவராகிவிடுவார்கள் என்று சொல்ல நான் பஞ்சாங்கம் பார்க்கிறவன் அல்ல. பாதை நம் ஊர் வழியாகவும் போகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

மதிப்பெண் வராது. கேள்வித்தாளில் வராது. வருவது ஒன்றுதான். "நான் இப்படி நினைத்தேன், பார்த்தேன், இவ்வளவு வித்தியாசம் இருந்தது" என்று சொல்லும் பழக்கம். டாக்டருக்கும் அது வேண்டும், பட்டறைக்காரருக்கும் வேண்டும். மைக்ரோமீட்டர் வைத்து அளக்கிற அந்தத் தம்பிக்கு நான் இதைச் சொன்னபோது, "அப்ப எங்க தொழிலும் இதேதானுங்க" என்று சிரித்தார். டியூசனை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கேட்டிருக்கிறாராம்.

நம்மைப் போன்ற பெரியவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. 2028 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டு பிறக்கும் முன், முழுச் சந்திர கிரகணம் வருகிறது. நம்மூரில் நன்றாகத் தெரியும். அதை வெறுங்கண்ணால் பார்க்கலாம், எந்த ஆபத்தும் இல்லை. வீட்டில் இருக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தையும் திருக்கணிதத்தையும் எடுத்து, ஆரம்பம், நடு, முடிவு என்று போட்டிருக்கும் நேரங்களைப் பேரப்பிள்ளையை விட்டு ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். மொட்டைமாடியில் நாற்காலி போட்டு, வாசல் விளக்கை அணைத்துவிட்டு, கடிகாரத்தை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். நேரத்தைப் பிள்ளை குறிக்கட்டும். எது எவ்வளவு பிசகியது என்பதை மறுநாள் காலையில் இருவருமாகக் கழித்துப் பாருங்கள்.